டர்ன்டேபிளுக்கு ஏற்ற பலகை அமைப்பது எப்படி?

விலை உயர்ந்த அதிர்வுத் தடுப்புக் கால்களை எல்லா ஒலிக் கருவிகளுக்கும் வாங்காதீர்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையருக்குத் தேவை காற்றோட்டம்தான். கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிபையருக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். அதிர்வுக்கு உண்மையில் அஞ்ச வேண்டியது, இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள். அதன் ஊசிக்குப் பலகையின் நடுக்கமும் பாட்டுதான்.

படி 1: சோதனை
சுழலாமல் நிற்கும் இசைத்தட்டின்மேல் ஊசியை இறக்குங்கள். வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஒலியை மெல்லக் கூட்டுங்கள். ஊளை எழுந்தால் உடனே குறைத்துவிடுங்கள். பலகையை விரலால் தட்டுங்கள், பக்கத்தில் நடந்து பாருங்கள். தட்டுவது ஸ்பீக்கரில் கேட்டால் குறை பலகையில். நடப்பது கேட்டால் பெரும்பாலும் தரையில்.

படி 2: இடம்
ஸ்பீக்கர் இருக்கும் பலகையில் டர்ன்டேபிளை வைக்காதீர்கள். மரத்தரை வீடுகளில் சுவரில் பிராக்கெட் அடிப்பதே நல்லது. கான்கிரீட் தளத்தில் காலடித் தொல்லை குறைவு.

படி 3: பலகை
கண்ணாடி வேண்டாம், தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎப் அதிர்வை நன்றாக அடக்கும், ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும். என் தேர்வு, 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டிய பலகை. கடப்பா கல்லும் கிரானைட்டும் கனமானவை, ஆனால் அவையும் ஒலிக்கும். ரப்பரின் மேல் கிடத்தினால்தான் அந்தக் கனம் பயன்படும்.

படி 4: ரப்பர்
பலரும் தடுமாறுவது, பலகைக்கு அடியில் வைக்கும் இந்த ரப்பரில்தான். கடினமான ரப்பர் அமுங்காது, அமுங்காதது தடுக்காது. சுமையால் ஒரு ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண், அதாவது அது தானாக ஆடும் வேகம், சுமார் 16 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 16 ஆட்டம்). ரப்பரில் இன்னும் சற்று அதிகம். அதைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளே குறையும். ஆகவே ஸ்பீக்கரின் பேஸ் ஒலியை ரப்பர் தணிக்கும், சில ஹெர்ட்ஸே உள்ள காலடி அதிர்வைத் தணிக்காது. மிக மென்மையாகப் போனாலும் வம்பு: டோன்ஆர்மும் (ஊசியைத் தாங்கும் கை) கார்ட்ரிட்ஜும் (ஊசி பொருந்திய முனை) சேர்ந்து ஆடும் 8–12 ஹெர்ட்ஸுக்குள் ரப்பரின் இயல்பு அதிர்வெண் போய் நிற்கும். அதிர்வை உறிஞ்சும் ரப்பர் போன்ற சோர்போத்தேன் வாங்கினால் எடைக்கு ஏற்ற அளவைப் பாருங்கள்.

1961இல் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்) நிறுவன டர்ன்டேபிளைப் போல உள்ளேயே ஸ்பிரிங் இருந்தால், ரப்பரே வேண்டாம். உறுதியான, இலேசான பலகை போதும்.

படி 5: மட்டம்
மோட்டார் உள்ள பக்கம் கூடுதலாக அமுங்கலாம். ரசமட்டத்தைச் சுழல்தட்டின்மேல் வைத்துச் சரிசெய்யுங்கள். ரப்பர் நாளடைவில் இன்னும் சற்று இறங்கும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள்.