‘ஐ7 கேமிங் பிசி, வெறும் 25 ஆயிரம்’: கொட்டேஷனைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சித்தி பையன் வாட்ஸ்ஆப்பில் ஒரு கடைக் கொட்டேஷனைப் படம் பிடித்து அனுப்பினான். “அண்ணா, ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 எஸ்எஸ்டி, ஆர்ஜிபி கேபினட், எல்லாம் சேர்த்து 25 ஆயிரம். எடுத்துடலாமா?” வேண்டாம்டா என்று சொல்ல இரண்டு நொடி போதும், ஏன் வேண்டாம் என்று விளக்கத்தான் ராத்திரி ஒரு மணி நேரம் போனது. அதையே இங்கே எழுதி வைக்கிறேன், இனி யார் கேட்டாலும் லிங்கை அனுப்பிவிடலாம்.

முதல் வரி, ஐ7. இது இன்டெல் பிராசசர் ரகத்தின் பெயர்தான், வயசு இதில் தெரியாது. பின்னால் வரும் நம்பரைக் கேளுங்கள். இவனுக்கு வந்தது ஐ7 3770, 2012-இல் வந்த சிப். நான்கு கோர் (வேலை செய்யும் மூளை), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). இப்போது மலிவு விலையில் கிடைக்கும் ஐ3 12100எஃப்-இலும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான், ஆனால் நடுவில் பத்து வருஷம் ஓடியிருக்கிறது, அதனால் ஐ3 இந்த ஐ7-ஐ ஓரங்கட்டிவிடும். வேகம் மட்டும் பிரச்சினை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 3770-இல் ஏவிஎக்ஸ்2 (பின்னால் வந்த சிப்களில் இருக்கும் கணக்குக் கட்டளைகள்) கிடையாது, அதைக் கேட்கும் சில புது கேம்கள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11-ஐ இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறையாகப் போட முடியும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வேலோரண்ட் என்ற ஆன்லைன் கேமை ஆட டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புச் சிப்) செக்யூர் பூட்டும் (பிசி ஆன் ஆகும்போது நடக்கும் பாதுகாப்புச் சோதனை) வேண்டும். எப்படியாவது குறுக்கு வழியில் விண்டோஸை ஏற்றிவிட்டாலும் கேம் வாசலிலேயே நிறுத்திவிடும். பையன் பிசி வாங்குவதே வேலோரண்டுக்காகத்தான்!

அடுத்தது அந்த 4 ஜிபி கார்டு. விசாரித்தால் ஜிடி 730, அதுவும் டிடிஆர்3 மெமரி போட்டது. 4 ஜிபி என்பது அண்டாவின் அளவு. அண்டாவில் விழும் குழாய் எவ்வளவு பெரிசு என்பதைக் கொட்டேஷனில் யாரும் எழுத மாட்டார்கள். இந்தக் கார்டின் குழாய் சொட்டு நீர்ப் பாசனம். அலுவலகத்தில் இரண்டாவது மானிட்டர் போடச் சரி, கேமுக்கு ஆகாது.

சரி, எதை வாங்குவது? பட்ஜெட்டைப் பிரிக்கும்போது கார்டிலிருந்து தொடங்குங்கள். மானிட்டரைத் தள்ளிவிட்டு மீதியில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும், அப்புறம்தான் மற்றது. 1080பி-இல் (ஃபுல் எச்டி) ஆட ஆர்எக்ஸ் 6600 போதும், 8 ஜிபி மெமரி, 132 வாட்தான் இழுக்கும். அதோடு பிராசசருக்கு 12100எஃப் அல்லது ஏஎம்டி-யின் ரைசன் 5 5600. பெயர் ஒட்டி வரும் 5500-ஐ அதே சிப் என்று நினைத்து எடுக்காதீர்கள், கேஷ் (சிப்புக்குள் இருக்கும் வேக மெமரி) பாதி, பிசிஐஇ-யும் (கார்டோடு பேசும் பாதை) பழைய 3.0 மட்டுமே. விலையில் நல்ல வித்தியாசம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கண்ணில் படும். 4 ஜிபி மெமரி, பிசிஐஇ-யில் நான்கே லேன் (தடம்), பி450 மாதிரி பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் போட்டால் இன்னும் சுருண்டுவிடும். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

கார்டுக்குக் காசே இல்லை என்றால் ரைசன் 5 5600ஜி. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, வேலோரண்ட் தாராளமாக ஓடும், ஜிடிஏ 5-ஐ செட்டிங்ஸ் குறைத்து ஆடலாம். ஆனால் ராமை இரண்டு 8 ஜிபியாகத்தான் வாங்க வேண்டும். உள் கிராபிக்ஸுக்கு ராம்தான் சாப்பாடு. ஒற்றை 16 ஜிபி போட்டால் ஒரு கையைக் கட்டிப்போட்டுப் பரிமாறச் சொல்வது மாதிரி. 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது, அதனால் கடைக்காரர் “இப்போ ஒண்ணு போடுங்க, அப்புறம் ஒண்ணு போட்டுக்கலாம்” என்பார். கார்டு தனியாக இருப்பவர்கள் வேண்டுமானால் கேளுங்கள், 5600ஜி-காரர்கள் கேட்காதீர்கள். போட்டு முடித்ததும் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் திரை) எக்ஸ்எம்பி-யை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் செட்டிங்) ஆன் செய்துவிட்டு, டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் 3200 என்று காட்டுகிறதா பாருங்கள். 2133 அல்லது 2666 என்று இருந்தால் காசு கொடுத்து வாங்கிய வேகம் தூங்குகிறது.

எஸ்எஸ்டி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்த கம்பெனியின் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி ரகம்), 500 ஜிபி, முடிந்தது.

எஸ்எம்பிஎஸ்-இல் (பிசிக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) நான் கொஞ்சம் நின்றுதான் பேசுவேன், சூடு பட்டவன். முதல் பிசிக்குக் கேபினட்டோடு இலவசமாக வந்த “450 வாட்”-ஐ அப்படியே வைத்திருந்தேன். ஒரு மே மாத மத்தியானம், டப் என்று ஒரு சத்தம், கருகல் வாசனை, பிசி நின்றது. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கழற்றி லேபிளைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது: 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசசரும் குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான், மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் 450 வெறும் அலங்காரம். ஆகவே கடையிலேயே டப்பாவைத் திருப்பி அந்த வரியைப் பெருக்கிப் பாருங்கள், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) என்ற மின்திறன் முத்திரை இருக்கட்டும், கார்டுக்கான 8 பின் கேபிள் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 5600ஜி எடுப்பவர்களும் இப்போதே 550 வாட்டாக எடுத்துவிட்டால் பின்னால் கார்டு போடும்போது மறுபடி செலவு இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார்டு தப்பில்லை, நானே வாங்கியிருக்கிறேன். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கான மைனிங் (கார்டை ஓட்டி நாணயம் சம்பாதிப்பது) நின்றபோது சந்தைக்கு வந்து குவிந்தவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் யாராவது வீட்டில் போய் வாங்கினாலும் பென் டிரைவில் ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்), ஃபர்மார்க் (கார்டை முழுச் சுமையில் ஓட்டிச் சோதிக்கும் மென்பொருள்) இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் ஜிபியு-இசட் ஷேடர் (கார்டின் கணக்குப் பிரிவுகள்) 2304 காட்ட வேண்டும், 2048 காட்டினால் அது இறக்கிய ரகம், விலையையும் இறக்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிஷம் ஃபர்மார்க் ஓடட்டும். திரையில் புள்ளி, கோடு ஏதாவது வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்பவரிடமும் அப்படியே.

கடைசியாகப் பில். “ஜிஎஸ்டி தனி” என்று பொடி எழுத்தில் இருந்தால் 18 சதவீதம் மேலே ஏறும், முதலிலேயே சேர்த்துக் கேளுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால், வாரண்டிக்கு அலையும்போது அந்தக் குறைச்சல் எங்கே போகிறது என்று தெரியும். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் திரை கறுப்பாகவே இருக்கிறதா? பயப்பட வேண்டாம், எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் குத்தியிருப்பீர்கள். எஃப் என்று முடியும் இன்டெல் சிப்பில் உள் கிராபிக்ஸ் கிடையாது, கீழே இருக்கும் கார்டில் குத்துங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 144-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும், 60-இலேயே வருஷக்கணக்காக ஆடியவர்களை எனக்குத் தெரியும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்னாடி யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், பலருக்கு அது இருப்பதே தெரியாது. கரண்ட் போகும்போது பிசி அணையாமல் தாண்ட அது உதவும்.

தம்பி 5600ஜி, இரண்டு 8 ஜிபி ராம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்று முடித்திருக்கிறான், கார்டு தீபாவளிக்கு. கலர் விளக்கு எரியும் ஆர்ஜிபி கேபினட்டை மட்டும் விட மாட்டேன் என்றுவிட்டான். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.