ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகள்: பேச்சிலும் மாடலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற விலங்கியல் வாத்தியாரை வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? எரிமலை மாடல் நாலு, சொட்டுநீர்ப் பாசனம் மூன்று, காற்றாலைக்குக் கணக்கே இல்லை. அதற்கு நடுவே ஒரு மேஜையில் தெர்மாகோலில் செய்த கறுப்புக் கோபுரம். உச்சியில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அடியில் சிவப்பு உல்லன் நூல் சுற்றிய உறிஞ்சுகுழல்கள். உவரிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, மூச்சு விடாமல் ஒப்பித்தாள்:

"சார், இது ஆழ்கடல் வெந்நீர் ஊற்று. சூரியன் உதவியே இல்லாம, 400 டிகிரி கொதிக்கிற தண்ணியில, பாக்டீரியாவச் சாப்பிட்டு இந்தக் குழாய்ப்புழு உயிர் வாழுது. பூமியில முதல் உயிர் இங்கதான் தோணுச்சு."

சொன்ன ஒவ்வொன்றிலும் ஒரு பிழை இருந்தது. ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சூரியனைப் பற்றிய அந்தப் பிழையை நானே பல வருஷம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இந்தத் தவறுகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. அந்த ஊற்றை மற்ற கடலோடு ஒட்டாத தனி உலகமாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அங்கே உயிர் இருப்பதே சூடான தண்ணீரும் குளிர்ந்த கடல்நீரும் கலக்கிற இடத்தில்தான். புன்னைக்காயலில் தாமிரபரணியும் கடலும் கலக்கிற முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். அங்கேயும் இரண்டு தண்ணீரும் சேர்கிற இடத்தில்தானே இத்தனை மீனும் நண்டும்.

முதலில் ஊதுபத்தி. கரும்புகைப்போக்கி என்று பேர் வைத்துவிட்டதால் புகை என்றே நினைத்துவிடுகிறோம். அங்கே எதுவும் எரியவில்லை. வெளியே வருவது பூமியின் வயிற்றில் ஊறிய தனித் தண்ணீரும் இல்லை, பெரும்பாலும் கடல்நீரேதான். தரைவிரிசல் வழியாகக் கீழே இறங்கி, பாறைக்குழம்புக்குப் பக்கத்தில் போய்ச் சூடேறி, பாறையிலிருந்து இரும்பு, செம்பு, துத்தநாகம், ஹைட்ரஜன் சல்ஃபைடு எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. சுற்றியுள்ள தண்ணீர் 2 டிகிரிக் குளிரில் இருப்பதால், பட்டவுடனே அந்த உலோகங்கள் சல்ஃபைடு துகள்களாகத் திரிகின்றன. கறுப்பாகத் தெரிவது அந்தத் தூள். அது படிந்து படிந்துதான் கோபுரமும் வளர்கிறது.

'கொதிக்கிற தண்ணீர்' என்பதும் சரியில்லை. கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 2,500 மீட்டரில் கிட்டத்தட்ட 250 மடங்கு. அந்த அமுக்கத்தில் 350 டிகிரியிலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். அடுப்படிக்குப் போய்ப் பாருங்கள். குக்கர் விசில் அடிக்கிற சமயத்தில் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி. திறந்த சட்டியில் அந்தச் சூட்டுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகவே முடியாது.

அந்த 120ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பிழைக்கு வேண்டும். "400 டிகிரியில் நுண்ணுயிர் வாழ்கிறது" என்று யாராவது எழுதியிருந்தால் அடித்துவிடலாம். அந்தச் சூட்டில் புரதமும் டிஎன்ஏவும் சிதைந்துபோகும். உயிர் பெருகுவதாக இதுவரை ஆய்வகத்தில் காட்டப்பட்ட உச்சம் 122 டிகிரி. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மெத்தனோபைரஸ் கேண்ட்லெரி என்ற நுண்ணுயிரை உயர் அழுத்தத்தில் வளர்த்துக் காட்டினார்கள். அதை எடுத்த இடம் நம் இந்தியப் பெருங்கடலின் கைரெய் ஊற்றுத்தளம். குக்கரில் வெந்த சாதத்தில் உட்கார்ந்து குடும்பம் நடத்துகிற உயிர் என்றால் நம்பத்தான் கஷ்டம். ஆனாலும் 122க்கும் 400க்கும் நடுவே எவ்வளவு தூரம்! கோபுரச் சுவரின் உட்புறம் 350 டிகிரி, வெளிப்புறம் 2 டிகிரி. அந்தச் சுவரின் துளைகளுக்குள் ஏதோ ஓர் ஆழத்தில் தனக்கு ஒத்துவருகிற சூடு இருக்கும், அங்கே ஒட்டிக்கொள்ளும்.

1977இல் காலாப்பகஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள் முதன்முதலாக இந்த உயிர்க்கூட்டத்தைப் பார்த்தபோது அங்கிருந்த தண்ணீர் வெறும் வெதுவெதுப்பு. அதிகபட்சம் 17 டிகிரி போல. மார்கழி விடிகாலையில் குறுக்குத்துறையில் இறங்கினால்கூடத் தாமிரபரணி அதைவிடச் சூடாக இருக்கும்! 350 டிகிரிக்கு மேல் போகும் கரும்புகைப்போக்கிகளை இரண்டு வருஷம் கழித்து, 1979இல், மெக்சிகோவுக்கு மேற்கே பசிபிக்கில் கண்டார்கள். வெப்பநிலை பார்க்க நீட்டிய கருவியின் பிளாஸ்டிக் பகுதி உருகிவிட்டது. 1977 குழுவில் உயிரியலாளர் ஒருத்தர்கூட இல்லை, பூராவும் பாறை ஆராய்ச்சிக்காரர்கள். உயிர் மாதிரிகளைக் கெடாமல் வைக்கப் போதுமான மருந்து கையில் இல்லாமல், பனாமாவில் வாங்கிய ரஷ்ய வோட்காவில் ஊறப்போட்டார்கள் என்பது கடலியல்காரர்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை.

கோபுரச் சுவரில் குழாய் கட்டி வாழும் பாம்பேய்ப் புழுவுக்கும் இதே கதிதான். "80 டிகிரியில் வாழும் விலங்கு" என்று பல அட்டைகளில் பார்க்கிறேன். அது வாழும் குழாய்க்குள் அவ்வளவு சூடு அளக்கப்பட்டது உண்மை. ஆனால் அழுத்தம் குறையாமல் உயிரோடு மேலே கொண்டுவந்து சோதித்தபோது 50, 55 டிகிரியையே அது தாங்கவில்லை. இடத்தின் சூடு வேறு, உடம்பின் சூடு வேறு.

இப்போது நான் வகுப்பில் சொல்லிவந்த தவறுக்கு வருகிறேன். 'சூரியன் உதவியே இல்லாமல்.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே ஒளிச்சேர்க்கைக்குப் பதிலாக வேதிச்சேர்க்கை நடக்கிறது என்பது சரி. பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை ஆக்சிஜனோடு வினைபுரிய வைத்து, அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவை உணவாக மாற்றுகிறது. சரி, அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? ஊற்றிலிருந்து வரவில்லை, ஊற்றுநீரில் ஆக்சிஜன் கிடையாது. வெயில் படுகிற மேல்கடலிலும் நிலத்திலும் பாசியும் செடியும் விட்ட ஆக்சிஜன் அது. துருவப் பக்கத்தில் குளிர்ந்து கனத்து மூழ்கும் தண்ணீரோடு ஆழத்துக்குப் போகிறது. குழாய்ப்புழு, மட்டி, இறால் எல்லாமே அந்த வகையில் சூரியனுக்குக் கடன்பட்டவை. சாப்பாடு கீழே சமைத்தது, மூச்சு மேலேயிருந்து வந்தது.

சூரியனோடு நிஜமாகவே தொடர்பில்லாதவையும் அங்கே உண்டு. ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேன் ஆக்கிப் பிழைக்கும் உயிர்கள் அவை. பாறையும் தண்ணீரும் வினைபுரிவதால் வரும் ஹைட்ரஜனே அவற்றுக்குப் போதும், ஆக்சிஜன் பட்டால்தான் ஆபத்து. மேலே சொன்ன 122 டிகிரிக்காரரும் இந்த வர்க்கம்தான். ஆகவே "சில நுண்ணுயிர்களுக்குச் சூரியன் வேண்டாம், அங்குள்ள விலங்குகளுக்கு வேண்டும்" என்று எழுதினால் பிழையில்லை.

இதைச் சொன்னவுடன் சிலர் இன்னொரு பக்கம் சாய்வார்கள். கழிமுகத்துச் சேற்றைக் கிளறினால் அழுகின முட்டை நாற்றம் வருகிறதே, அதுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதானே, அப்போ இரண்டும் ஒன்றா? வாயு ஒன்றுதான், பிறந்த இடம் வேறு. புன்னைக்காயல் அலையாத்திச் சேற்றில் அதை உண்டாக்குவது இலை தழை மக்குவதில் பிழைக்கும் நுண்ணுயிர்கள். ஆழ்கடலில் அது சூட்டாலும் பாறையாலும் வருவது. ஒப்பிட்டுக் காட்டுவது நல்லதுதான், முடிச்சுப் போட்டுவிடக் கூடாது.

அடுத்தது குழாய்ப்புழுவின் சாப்பாடு. ரிஃப்டியா என்ற அந்தப் புழு ஆள் உயரத்தைத் தாண்டி 2 மீட்டர் வரை வளரும். அதற்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. பிறகு எதைக்கொண்டு "பாக்டீரியாவைச் சாப்பிடுகிறது"? 1980இல் ஹார்வர்டில் மாணவியாக இருந்த கோலீன் கவனா, இந்தப் புழுவின் திசுவில் கந்தகப் படிகங்கள் இருப்பதாக ஒரு விரிவுரையில் கேட்டார். அப்படியென்றால் உள்ளே கந்தக பாக்டீரியா குடியிருக்க வேண்டும் என்று அங்கேயே எழுந்து சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் ஆதாரத்தோடு கட்டுரையும் வந்தது. புழுவின் உடம்புக்குள் அதற்கென்றே ஓர் உறுப்பு, அதில் கோடி கோடியாய் பாக்டீரியா. உச்சியில் இருக்கும் சிவப்புக் கொண்டை செவுள் மாதிரி வேலை செய்து ஆக்சிஜனையும் சல்ஃபைடையும் வாங்கி ரத்தத்தில் அனுப்புகிறது. சல்ஃபைடு நமக்குக் கடும் விஷம். அந்தப் புழுவின் ஹீமோகுளோபினோ இரண்டையும் வெவ்வேறு இடத்தில் பிடித்து, ஒன்றோடொன்று மோதவிடாமல் கொண்டுபோய்க் கொடுக்கிறது. பதிலுக்கு பாக்டீரியா உணவு சமைத்துத் தருகிறது. அவற்றில் கொஞ்சத்தைப் புழு செரித்துக்கொள்ளவும் செய்யும் என்பதால் 'சாப்பிடுகிறது' என்பது முழுப் பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை.

பிள்ளைகளுக்கு நான் காட்டுகிற உதாரணம் உளுந்து. நெல் அறுத்த வயலில் உளுந்து விதைக்கிற ஊர் நம்முடையது. ஒரு செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும், உள்ளே பாக்டீரியா. அது விதையோடு வருவதில்லை, மண்ணிலிருந்து வேருக்குள் நுழைகிறது. ரிஃப்டியாவும் அப்படியே. தாய் கொடுத்து அனுப்புவதில்லை, ஒவ்வொரு குஞ்சும் கடல்நீரிலிருந்து தன் பாக்டீரியாவைப் புதிதாகத் தோல் வழியே பெறுகிறது.

வயதுக் கணக்கிலும் அடிக்கடி குழப்பம் வரும். "200 வருஷம் வாழும் குழாய்ப்புழு" என்பது குளிர்க்கசிவுகளில், அதாவது கடலடியிலிருந்து மீத்தேனும் சல்ஃபைடும் சூடில்லாமல் கசியும் இடங்களில், மெதுவாக வளரும் வேறொரு இனம். வெந்நீர் ஊற்று ரிஃப்டியா அவசரக்காரி, வருஷத்துக்கு 85 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்ததாகப் பதிவு இருக்கிறது. வளர்ந்துதான் ஆக வேண்டும். ஊற்று எப்போது அடைபடும், எரிமலை எப்போது மூடும் என்று தெரியாது. கிழக்குப் பசிபிக்கில் 1991இல் ஒரு வெடிப்பு ஓர் ஊற்றுத்தளத்தையே பொசுக்கியது. இரண்டு மூன்று வருஷத்துக்குள் அதே இடத்தில் ரிஃப்டியா புதர் மண்டிவிட்டது.

பாக்டீரியா என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள். மிகச் சூடான சுவர்ப் பகுதிகளில் பெரும்பாலும் ஆர்க்கியாக்கள், பார்வைக்கு பாக்டீரியா போலிருந்தாலும் வேறு வம்சத்து நுண்ணுயிர்கள். கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவற்றைத் தனிக் குலமாகப் பிரித்ததும் அதே 1977இல்தான். இன்னொன்று, கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் வந்த பிசிஆர் சோதனைக்கு வழிவிட்ட டாக் நொதி ஆழ்கடலில் கிடைத்தது என்று பேச்சுப்போட்டிகளில் கேட்டிருக்கிறேன். இல்லை. அது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர்ச் சுனையில் 1960களில் கண்டெடுத்த பாக்டீரியாவினுடையது.

முதல் உயிர் இங்கேதான் தோன்றியது என்பது முடிந்த தீர்ப்பில்லை, வலுவான ஓர் ஊகம். அந்த ஊகமும் கரும்புகைப்போக்கியை அவ்வளவாக நம்பவில்லை. 2000இல் அட்லாண்டிக்கில் கண்ட 'லாஸ்ட் சிட்டி' மாதிரியான இடங்களையே சுட்டுகிறது. அங்கே 40 முதல் 90 டிகிரி வரை மிதமான சூடு, காரத்தன்மையுள்ள நீர், ஹைட்ரஜன் தாராளம், 60 மீட்டர் உயர வெள்ளைக் கோபுரங்கள். நிலத்துக் குட்டைகள் நனைந்து காய்ந்ததில் உயிர் வந்தது என்பவர்களும் வாதத்தை விடவில்லை. அதோடு, இன்றைய ரிஃப்டியாவின் பாக்டீரியாவைக் காட்டி "இதுதான் ஆதி உயிர்" என்று சொல்லவே கூடாது. காற்றில் ஆக்சிஜன் தேங்க ஆரம்பித்ததே சுமார் 240 கோடி வருஷங்களுக்கு முன்புதான், உயிரோ அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது.

கடைசியாக இடம். அந்தப் பிள்ளையின் அட்டையில் ஊற்று மன்னார் வளைகுடாவில் குறிக்கப்பட்டிருந்தது. அங்கே இருப்பது ஆழம் குறைந்த பவளத்திட்டு. நமக்குப் பக்கம் என்றால் இந்தியப் பெருங்கடலின் நடுவே நிலத்தட்டுகள் விலகும் மலைத்தொடர்தான், கடற்கரையிலிருந்து நெடுந்தூரம். கைரெய் மொரீஷியசுக்கும் தென்கிழக்கே, சுமார் 2,400 மீட்டர் ஆழம். சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஓர் ஊற்றை ஆளில்லா நீர்மூழ்கியால் படமெடுத்ததை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். இந்தக் கடலில் ரிஃப்டியா கிடையாது, அது கிழக்குப் பசிபிக்காரி. இங்கே கோபுரத்தை மொய்ப்பது இறால் கூட்டம். கூடவே காலில் இரும்பு சல்ஃபைடு செதில் போர்த்திய நத்தை, 2001இல் கைரெயில் கண்டது. கடலடிச் சுரங்கம் வந்தால் அழிந்துவிடும் என்று 2019இல் அதை அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் செம்பட்டியலில் சேர்த்தார்கள். ஊற்றுகள் இருக்கும் இதே மலைத்தொடரில் சல்ஃபைடு தாது தேட இந்தியாவும் 2016இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்பதையும் அட்டையில் ஒரு வரி எழுதலாம்.

மாவட்டக் கண்காட்சிக்கு முன்னால் அந்தப் பிள்ளை போன் பண்ணினாள். ஊதுபத்தியை எடுத்துவிட்டாளாம். கண்ணாடித் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அடியில் வைத்த குப்பியிலிருந்து சாயம் கலந்த வெந்நீர் மேலே எழும்பிப் பரவுகிற மாதிரி செய்திருக்கிறாள். சிவப்பு உல்லனை மட்டும் எடுக்க மனசு வரவில்லை.

"அட்டையில பசிபிக்னு எழுதப் போறியா, இந்தியப் பெருங்கடல்னு எழுதப் போறியாம்மா? அத முதல்ல முடிவு பண்ணு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"நம்ம கடல்தான் சார். காஞ்ச இறாலு எங்க வீட்லயே கெடக்கு."