நாலு கார்டு சேர்ந்தால் ஒன்று காணாமல் போகும்: என் அனுபவம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மாமாவின் ஐஸ் பிளான்ட்டுக்காக ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை வைத்து ஒரு கண்காணிப்புப் பெட்டி செய்தேன். ஒரே ஐ2சி பஸ்ஸில், அதாவது பல கார்டுகள் பகிர்ந்துகொள்ளும், ஒவ்வொன்றையும் அதன் முகவரி எண்ணால் கூப்பிடும் இரண்டு சிக்னல் லைனில், நாலு கார்டு: ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றுவது), கடிகாரம், ரிலேவுக்கான போர்ட் எக்ஸ்பாண்டர் (கூடுதல் பின்கள் தருவது), ஒரு சென்சார். தனித்தனியாகச் செருகினால் எல்லாமே தெரியும். நாலையும் சேர்த்தால் ஹெக்ஸ் 48 முகவரியில் இருக்க வேண்டிய ஏடிசி மட்டும் வரும், போகும்.

"உப்புக் காத்து மாப்ளே, பின்னைத் தேய்" என்றார் மாமா. பின்களில் பச்சை பூத்திருந்தது உண்மைதான், துடைத்தேன், பலனில்லை. கேபிள், அடாப்டர் மாற்றினேன். முகவரி மோதலும் இல்லை. பஸ் வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10-க்குக் குறைத்தும் அதே கதை. மூன்று நாள் போச்சு.

அப்புறம்தான் ஒவ்வொரு கார்டிலும் 472 என்று பொடி எழுத்தில் இரண்டு ரெசிஸ்டர் இருப்பதைக் கவனித்தேன். 4.7 கிலோஓம் புல்-அப், அதாவது சும்மா இருக்கும்போது லைனை 3.3 வோல்ட்டுக்கு மேலே இழுத்து வைப்பது. ராஸ்பெர்ரி பை போர்டிலேயே 1.8 கிலோஓம் புல்-அப் இருக்கிறது, எல்லாம் பேரலலாகச் சேர்ந்து மொத்த ஓம் குறைந்துவிடுகிறது. மின்சாரத்தை அணைத்துவிட்டு எஸ்டிஏ (டேட்டா லைன்) பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 710 ஓம். ஐ2சி சிப் லைனைத் தாழ்த்த 3 மில்லியாம்பியர் இழுத்தால் போதும் என்பதுதான் கணக்கு, அதற்குக் குறைந்தது 970 ஓமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் லைனின் வோல்டேஜ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் சரியாக இறங்காது, எவ்வளவு நேரம் கொடுத்தாலும். வேகத்தைக் குறைத்து ஏன் பயனில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

மூன்று கார்டிலிருந்து அந்த ரெசிஸ்டர்களைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட்டேன். இப்போது மீட்டரில் 1.3 கிலோஓம், பத்து நாளாக 48 ஒரு தடவைகூட மறையவில்லை.