கொலுசுத் தராசும் கேட்காத ஃப்ளோட்டும்: கம்பைலருக்குக் கடிவாளம் போடும் முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுப் பட்டறைக்காக ஒரு எடை மெஷின் செய்தேன். எடையை உணரும் லோட் செல், அதன் சிக்னலை எண்ணாக்கும் எச்எக்ஸ்711, கணக்குப் போடும் எஸ்டிஎம்32எஃப்411 போர்டு. எடைக் கணக்கை இன்டரப்ட்டுக்குள் (ஓடும் நிரலை இடைமறித்து ஓடும் சிறு நிரல்) வைத்திருந்தேன். என் நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் தந்ததைப் பிரித்துப் பார்த்தால், நான் நினைக்காத ஃப்ளோட் (புள்ளி எண்) வேலை ஏராளம்.

முதல் படி, பார்ப்பது. கம்பைல் ஆன கோப்பை, உள்ளிருக்கும் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியில் 'மைனஸ் டி' கொடுத்துப் பிரியுங்கள். 'வி' எழுத்தில் தொடங்கும் கட்டளைகளைத் தேடுங்கள். விமுல், விஎல்டிஆர் போன்றவை சிப்பின் ஃப்ளோட் பிரிவைத் தொடுபவை. 'ஏஇஏபிஐ டிமுல்' என்ற அழைப்பு இருந்தால் இன்னும் கவனம் தேவை. அது நூலகத்தில் உள்ள மென்பொருளால் செய்யும் டபுள் (64 பிட் புள்ளி எண்) பெருக்கல்.

இந்த எஸ்டிஎம்32 சிப்பின் ஃப்ளோட் பிரிவுக்கு 32 பிட் கணக்குதான் தெரியும். ஆனால் சி மொழியில் வெறுமனே 0.001 என்று எழுதினால் அது 64 பிட் டபுள். ஃப்ளோட் மாறியை அதனால் பெருக்கினேன். கணக்கு நூலகத்துக்குப் போய்விட்டது. 'டபிள்யூ-டபுள்-ப்ரமோஷன்' ஆப்ஷனைப் போடுங்கள், கம்பைலரே அந்த வரியைக் காட்டும். எண்ணின் கடைசியில் 'எஃப்' சேர்த்தால் டபுள் போய்விடும்.

ஃப்ளோட் இன்னும் இருக்கிறதே! ஓடும் நிரல் ஃப்ளோட் பிரிவைத் தொட்டிருந்தால், இன்டரப்ட் வரும்போது ஸ்டாக் என்ற தற்காலிக நினைவிடத்தில் 32 பைட்டுக்குப் பதில் 104 பைட் ஒதுக்கப்படும். சின்ன ஸ்டாக்குக்கு இது பெரிய சுமை.

வழி பட்டறையிலேயே இருந்தது. மாமா எடை சொல்லும்போது "நாப்பத்தஞ்சு கிராம், முந்நூத்தி இருபது மில்லி" என்பார். புள்ளியே கிடையாது. அதேபோல எல்லாவற்றையும் மில்லிகிராமில் முழு எண்ணாக வையுங்கள். எச்எக்ஸ்711 தரும் எண்ணில் ஒன்றுக்கு எத்தனை மில்லி என்பதை 65536-ஆல் பெருக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். எச்எக்ஸ்711 தரும் எண்ணை இதனால் பெருக்கி, விடையை 64 பிட்டில் வாங்கி, 16 பிட் வலப்புறம் தள்ளுங்கள். 64 பிட் வகுத்தல் மட்டும் வேண்டாம், அதற்கும் நூலக அழைப்பு வரும்.

பிறகு 'எம்ஃப்ளோட்-ஏபிஐ' ஆப்ஷனை 'சாஃப்ட்' என்று மாற்றி, எல்லாக் கோப்புகளையும் புதிதாகக் கம்பைல் செய்யுங்கள். பாதி 'ஹார்ட்', பாதி 'சாஃப்ட்' என்றிருந்தால், கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் மறுத்துவிடும். இனி 'வி' கட்டளைகள் வராது. ஆனால் ஃப்ளோட் எங்காவது மிச்சமிருந்தால் பிழை காட்டாமல் 'ஏஇஏபிஐ எஃப்முல்' அழைப்பாக மாறி நிற்கும். அதனால் ஆப்ஜ்டம்ப்பை மறுபடி ஓட்டுங்கள். என் இன்டரப்ட்டில் இப்போது இருப்பது ஒரு ஸ்முல் பெருக்கலும் சில ஷிஃப்ட்டுகளும்தான்.