டேவி விளக்கு மாதிரி செய்வது எப்படி? (வலையை விடுங்கள், மூட்டுகளைப் பாருங்கள்)

போன வருடம் அக்கா மகளுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எட்டாம் வகுப்பு. குப்பத்தில் எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பித்தளை விளக்கு ஒன்று கிடக்கிறது. தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். "மாமா, இதையே தேய்ச்சு வெச்சிடலாமே, சுரங்கப் பாதுகாப்பு விளக்குன்னு" என்றாள். எனக்கும் வேலை மிச்சம் என்று தோன்றியது. புளி போட்டுத் தேய்த்து, 'பாதுகாப்பு விளக்கு' என்று தெலுங்கிலும் தமிழிலும் அட்டை எழுதி முடித்தாயிற்று.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்தில் லேம்ப் ரூம் (தொழிலாளிகளுக்கு விளக்கைச் சரிபார்த்துக் கொடுக்கும் அறை) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விளக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இதி சேஃப்டி லாம்ப் காது, பாபு." (தமிழ்நாட்டு வாசகர்கள் காதைத் தேட வேண்டாம். தெலுங்கில் காது என்றால் 'அல்ல'.)

எங்களிடம் இருந்தது கார்பைடு விளக்கு. கீழ் அறையில் கால்சியம் கார்பைடு கல், மேல் அறையில் தண்ணீர். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் அசிட்டிலீன் வாயு வரும், அது சின்ன மூக்கு வழியாக வந்து திறந்த சுடராக எரியும். தங்கச் சுரங்கம் கெட்டிப் பாறை. அங்கே பாறை வெடிப்பதுதான் பெரிய பயம், மீத்தேன் என்ற எரிவாயுவின் பயம் குறைவு. அதனால் திறந்த சுடர் செல்லுபடியானது. அதே விளக்கை வாயு கசியும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனால் கதை முடிந்தது.

ஆக, டேவி விளக்கு என்ற சுரங்கப் பாதுகாப்பு விளக்கின் மாதிரியை நாங்களே செய்ய வேண்டியதாயிற்று. நான் சொதப்பிய இடத்தில் நீங்களும் சொதப்பக் கூடாது என்றுதான் இந்தப் பதிவு.

எதற்கு இந்த விளக்கு, சுருக்கமாக

1812 மே 25 அன்று வட இங்கிலாந்தில் ஃபெல்லிங் என்ற சுரங்கம் வெடித்து 92 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பாதுகாப்பான விளக்கு வேண்டும் என்று பலரும் முனைந்தார்கள். சண்டர்லேண்டில் கிளானி என்ற மருத்துவர் 1813இல் ஒன்று செய்தார், துருத்தி வைத்துக் காற்றடிக்க வேண்டிய விளக்கு. ரயில் எஞ்சினால் பிற்பாடு பேர் பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சன் அப்போது கில்லிங்வொர்த் சுரங்கத்தில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார். 1815 அக்டோபரில் தன் விளக்கைச் சுரங்கத்துக்குள்ளேயே கொண்டுபோய்ச் சோதித்தார். அடுத்த மாதமே வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் தன் ஆய்வைப் படித்தார். யார் முதலில் என்ற சண்டை வெகு காலம் நடந்தது. டேவி காப்புரிமை எடுக்கவில்லை, அதற்காகவே எனக்கு அவர்மேல் ஒரு தனி மரியாதை.

டேவியின் யோசனை இதுதான். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை. காற்றும் வாயுவும் உள்ளே போகும். உள்ளே தீப்பிடித்தாலும், அந்தத் தீ துளை வழியாக வெளியே வரும்போது கம்பி அதன் சூட்டை உறிஞ்சிவிடும். வெளியே இருக்கும் மீத்தேன் பற்றுவதற்கு வேண்டிய வெப்பம் மிஞ்சாது. டேவி எடுத்த வலையில் ஓர் அங்குலத்துக்கு 28 துளை, சதுர அங்குலத்துக்கு 784.

படி 1: வலை

நீங்கள் எண்ண வேண்டியது ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்பதை. 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். வலைமேல் ஸ்கேலை வைத்து மொபைலில் படமெடுத்துப் பெரிதாக்கி எண்ணுங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

ஜன்னல் கொசுவலை வேண்டாம். நான் முதலில் வாங்கியது அதுதான். பார்க்க உலோகம் மாதிரி சாம்பல் நிறம், மெழுகுவர்த்திமேல் காட்டியதும் சுருண்டு நாறியது. பிளாஸ்டிக் பூசிய நூல். உலோகக் கொசுவலையாக இருந்தாலும் துளை பெரிது. ஜிங்க் பூசிய இரும்பு வலையும் வேண்டாம், சூடேறினால் வரும் புகை நல்லதல்ல. ஹார்டுவேர் கடையில் '30 மெஷ்' (அங்குலத்துக்கு 30 துளை) என்று கேளுங்கள். பித்தளை கிடைத்தால் பித்தளை, இல்லையென்றால் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). நான் பித்தளைக் கட்சி, வளைக்க எளிது, பார்க்கவும் அழகு. சூட்டைக் கடத்துவதில் பித்தளை மேல்தான், ஆனால் துளை அளவு சரியாக இருந்தால் எஸ்.எஸ். வலையும் வேலை செய்யும். எங்கள் ஊரில் கிடைக்காமல் ரயிலேறி பெங்களூர் எஸ்.பி. ரோடு போய் வாங்கி வந்தேன்.

வாங்கியதும் ஒரு சின்னச் சோதனை. எரியும் மெழுகுவர்த்தியின் சுடர்மேல் வலையை மட்டமாக இறக்குங்கள். இடுக்கியால் பிடியுங்கள். சுடர் வலையோடு வெட்டினாற்போல் நிற்கும், மேலே வெறும் புகை போகும். அந்தப் புகை எரியாத மெழுகு ஆவி. வலைக்கு மேலே தீக்குச்சியைக் காட்டினால் அதுவும் பற்றி எரியும். கண்காட்சியில் பிள்ளைகள் அதிகம் கூடியது இந்தச் சின்ன வித்தைக்குத்தான்.

படி 2: உருளை

4 சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டின்மேல் வலையைச் சுற்றுங்கள். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு சென்டிமீட்டராவது ஏறி உட்கார வேண்டும். உயரம் 15 சென்டிமீட்டர் போதும். வெட்டுவதற்குத் தகரம் வெட்டும் கத்தரி, வீட்டுக் கத்தரியை எடுத்தால் அம்மா திட்டுவார், நியாயம்தான். வெட்டிய ஓரம் விரலைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சுற்றியபின் குழாயை உருவிவிடுங்கள்.

மேல்மூடியும் அதே வலைதான். ஆனால் இரண்டு அடுக்கு. சூடு முழுக்க மேலேதான் போய்ச் சேரும், அதனால் டேவி விளக்கிலும் உச்சியில் வலை இரட்டை.

படி 3: மூட்டு (இங்கேதான் ஒரு வாரம் போயிற்று)

நான் ஓரத்தை ஸ்டேப்ளர் பின்னால் அடித்தேன். அடிப்பக்கம் ஒரு நெய் டின் மூடி, அதன்மேல் உருளையை வைத்து ஹாட் குளூ. பார்க்கப் பிரமாதம்.

பள்ளி ஆய்வகத்தில் சோதித்தோம். எப்படிச் சோதிப்பது என்று கீழே சொல்கிறேன். பற்றவைக்காத பன்சன் பர்னரின் வாயுவை விளக்குப் பக்கம் காட்டிய உடனே 'டப்' என்று பர்னர் நுனியில் தீ. ஆசிரியை வாயுவை உடனே மூடினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வலைதான் சரியில்லை என்று நினைத்து வேறு வலை வாங்கினேன். மறுபடியும் 'டப்'. இன்னும் நெருக்கமான வலை. மறுபடியும் 'டப்'.

பெரியவர் வந்து பார்த்தார். அறை விளக்கை அணைக்கச் சொன்னார், உருளைக்குள் டார்ச்சை நுழைத்தார். வலை முழுக்க மெலிசான வெளிச்சம், பின் அடித்த ஓரத்தில் மட்டும் பளிச்சென்று மூன்று கோடுகள். இரண்டு பின்களுக்கு நடுவே வலை உப்பி வாய் பிளந்து நின்றது. அடியில் குளூ உருகி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஷிஃப்ட் தொடங்குமுன் ஒவ்வொரு விளக்கின் வலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கையில் கொடுப்போம் என்றார். ஆயிரக்கணக்கான துளைகள் சரியாக இருந்து ஒரே ஓர் இடுக்கு பெரிதாக இருந்தால், தீ அந்த இடுக்கைத்தான் தேடிப் போகும்.

சரி, இப்படிச் செய்யுங்கள். வெட்டிய வலைத் துண்டிலிருந்தே ஒரு கம்பியை உருவி எடுங்கள். அதை வைத்து ஓரத்தை, துணி தைப்பது மாதிரி, அரை சென்டிமீட்டருக்கு ஒரு தையலாகத் தையுங்கள். மேல்மூடியையும் அப்படியே. அடியில் பசை, எம்-சீல், ஈயப் பற்று எதுவும் வேண்டாம், சூட்டில் ஒவ்வொன்றாகக் கைவிடும். கழுத்து உள்ள உலோக மூடி ஒன்றை எடுத்து, உருளையை அந்தக் கழுத்தின்மேல் இறுக்கமாக ஏற்றி, மோட்டார் பம்ப் குழாய்க்குப் போடும் ஹோஸ் கிளாம்ப் ஒன்றைப் போட்டுத் திருகுங்கள். இந்த ஒரு கிளாம்ப் என் மூன்று வலைகளை விட அதிகம் சாதித்தது.

பிறகு இருட்டறை டார்ச் சோதனை. சந்தேகமான இடத்தில் சாதாரணத் தையல் ஊசியைக் குத்துங்கள். முனை நுழையலாம், காதுவரை இறங்கக் கூடாது. (இது தமிழ்க் காது.)

அசல் விளக்குகளிலும் மூட்டுதான் தலைவலி. வெளிச்சம் போதவில்லை என்றோ, புகை பற்றவைக்கவோ தொழிலாளிகள் விளக்கைத் திறந்துவிடுவார்கள். அதனால் பிற்கால விளக்குகளில் ஈய ஆணிப் பூட்டு, காந்தப் பூட்டு எல்லாம் வந்தன. காந்தப் பூட்டை லேம்ப் ரூமில் இருக்கும் பெரிய காந்தத்தில் வைத்தால்தான் திறக்கும்.

படி 4: சுடரும் சட்டமும்

உள்ளே டீலைட் மெழுகு போதும். அசலில் எண்ணெய், ஆனால் கண்காட்சி மேசையில் பிள்ளைகள் இடித்தால் கொட்டும். சுற்றி மூன்று பழைய சைக்கிள் ஸ்போக், மேலே ஒரு வளையம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

படி 5: வாயுச் சோதனை

ஆய்வகத்தில், ஆசிரியர் கையால் மட்டும். வீட்டு சிலிண்டரில் ஒருபோதும் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், விசிறி நிற்கட்டும், கண்ணாடி அணியுங்கள். விளக்கை ஏற்றி மூடியபின், பற்றவைக்காத பர்னரை மிகக் குறைவாகத் திறந்து வலையின் பக்கம் இரண்டு மூன்று நொடி காட்டி மூடிவிட வேண்டும். மூட்டு சரியாக இருந்தால் வாயு உள்ளே போய் உள்ளேயே எரியும், வெளியே பற்றாது. நீட்டித்தால் வலை சிவந்துவிடும், சிவந்த வலை தீயைத் தடுக்காது.

இன்னொரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். வாளிக்குள் சமையல் சோடாவும் வினிகரும் கலந்தால் கார்பன் டை ஆக்சைடு நிறையும். பொங்கி அடங்கியபின் விளக்கை மெதுவாக உள்ளே இறக்குங்கள், சுடர் அணைந்துவிடும். சுரங்கத்தில் ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கினாலே இப்படி அணையும். மனிதன் அப்போதும் நடந்து வெளியேறிவிடலாம். இந்த விளக்கின் பாதி வேலை அந்த எச்சரிக்கைதான்.

அட்டையில் எழுத மறக்காதீர்கள்: சுடரைக் குறைத்து வைத்துப் பார்த்தால் மீத்தேன் இருக்கும் இடத்தில் அதன்மேல் வெளிர்நீலத் தொப்பி ஒன்று தெரியும். சுமார் 1.25 சதவீதத்தில் மங்கலாகத் தொடங்கும், வாயு கூடக் கூடத் தொப்பி உயரும். 5 முதல் 15 சதவீதம் வரை வெடிக்கும் கலவை. பெரியவர் இதை விரலால் உயரம் காட்டிச் சொன்னபோது, நான் அட்டையில் வரைந்திருந்த படம் சும்மா கிறுக்கல் என்று புரிந்தது.

பிற்சேர்க்கை 1: திருத்தணியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார், மேசை விசிறிக் காற்றில் சுடர் சாய்ந்து வலையின் ஒரு பக்கம் சிவந்துவிட்டதாம். டேவி விளக்கின் உண்மையான பலவீனமே அது. சுரங்கக் காற்றோட்டம் வேகமானால் சுடர் வலைக்கு வெளியே தள்ளப்படும். இந்த விளக்கை நம்பி முன்பு கைவிட்ட வாயு மிகுந்த இடங்களிலும் இறங்கி வெட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பின்னால் வந்த மார்சோ போன்ற விளக்குகளில் வலைக்கு வெளியே காற்றைத் தடுக்க ஒரு தகட்டு உறை வந்தது. நீங்கள் விசிறியை நிறுத்துங்கள், போதும்.

பிற்சேர்க்கை 2: "படங்களில் கண்ணாடி இருக்கிறதே?" அது கிளானி வழி வந்த பிற்கால வடிவம், வெளிச்சத்துக்காக. ஹார்லிக்ஸ் பாட்டிலை அறுத்துப் போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். சூட்டில் விரியும், தவிர கண்ணாடிக்கு மேலும் கீழும் இரண்டு புது மூட்டுகள்.

பிற்சேர்க்கை 3: தாத்தாவின் கார்பைடு விளக்கின்மேல் இதே வலையைச் சுற்றினால் பாதுகாப்பு விளக்காகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. அசிட்டிலீன் சுடர், ஹைட்ரஜன் சுடர் மாதிரியே, மீத்தேன் சுடரை விட மிகச் சின்ன இடுக்கிலும் புகுந்துவிடும், இந்த வலை அதற்குப் போதாது. மாம்பழத்துக்குத் திருட்டுத்தனமாக விற்கும் கார்பைடு கல்லை வாங்கி வந்து பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டு விளக்கு இப்போது காலியாக, சரியான பெயரெழுதிய அட்டையோடு, டேவி விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.