மேட்டுப்பாத்தி கட்டும்போது தவிர்க்க வேண்டியவை

மதுரைப் பக்கம் புதுவீட்டுக்குக் குடிவந்த கையோடு முற்றத்தில் ஒரு மேட்டுப்பாத்தி கட்டி மல்லி வைத்துவிட வேண்டும் என்பது பலருக்கும் ஆசை. நாலு வரிசை செங்கல், ஒரு அடி உயரம், அவ்வளவுதான் வேலை. அதிலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தண்ணீர் ஊற்ற மறப்பது போன்றவை தானாகச் சரியாகிவிடும், அவற்றை விடுங்கள்.

கட்டட இடிபாட்டை அடியில் கொட்டுவது

"அடியில இந்த வேஸ்ட்டைத் தள்ளிட்டு மேல மண்ணு போட்ருவோம் சார், ஒரு லோடு மிச்சம்" என்பார் கொத்தனார். தயவுசெய்து தலையாட்டாதீர்கள். இதைக் கேட்டாலே எனக்கு இன்றும் கோபம் வரும்.

திருநகரில் சொந்தக்காரர் வீட்டில் அப்படித்தான் நிரப்பினார்கள். முதல் வருஷம் பூத்தது. அடுத்த வருஷம் கொழுந்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சத்துக் குறைவு என்று யூரியா போட்டார்கள், தண்ணீரைக் கூட்டினார்கள். பலனில்லை. தோண்டிப் பார்த்தால் அரை அடிக்குக் கீழே பூச்சுக் கட்டியும் டைல்ஸ் துண்டும்தான். வேர் அதில் முட்டி, பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. ஒரு பூச்சுக் கட்டியில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன், பொசபொசவென்று நுரைத்தது.

சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் அடியில் கிடப்பது கிடக்கும்வரை மாசாமாசம் தெளிக்க வேண்டியதுதான். அவர்கள் கடைசியில் செடியைப் பிடுங்கி, எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினார்கள். ஆள்கூலி, லோடு ஆட்டோ, புது மண் என்று போன பணம் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு.

'கல் கிடந்தால் தண்ணீர் வடியுமே' என்பார்கள். வடியாது. மேல்மண் முழுக்க ஊறித் ததும்பும்வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. ஐப்பசி மழையில் வேர் அழுகுவது இப்படித்தான். அடியில் எதுவும் போடாமல், தரையை ஒரு மண்வெட்டி ஆழம் கொத்திவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழு எரு ஒன்று கலந்து நிரப்புங்கள். தங்கச்சிமடம் பக்கமிருந்து வரும் மல்லிப் பதியன் மணல்பாங்கில் வளர்ந்தது, நீர் தேங்கினால் தாங்காது.

அடியில் சிமெண்ட் தளம்

வேண்டவே வேண்டாம்.

வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டுவது

சுவரில் ஓதம் ஏறி, பெயிண்ட் உரியும். ஒரு அடியாவது இடைவெளி விடுங்கள்.

அகலம்

நாலு அடிக்கு மேல் போனால் நடுவில் களை எடுக்கப் பாத்திக்குள் ஏறி மிதிக்க வேண்டும். மிதித்த மண் இறுகிவிடும். ஒரு பக்கமிருந்துதான் கை எட்டும் என்றால் இரண்டு அடி போதும்.

பச்சைச் சாணி

வேர்ப்புழுவுக்கு விருந்து.

விளிம்புவரை மண்

இரண்டு அங்குலம் குறைத்து நிரப்புங்கள், ஊற்றிய தண்ணீர் நிற்க இடம் வேண்டும். முதல் மழைக்கு மண் இன்னும் அமுங்கும். அப்போது மேலே போட ஒரு மூட்டை கலவை எடுத்து வையுங்கள்.