தலைக்குப் பொருந்தும் கம்பளிக் குல்லா: மாதிரித் துண்டிலிருந்து தொடங்குவோம்

அப்பாவுக்காக நான் பின்னிய முதல் குல்லா, ஊசியிலிருந்து இறங்கிய அன்று அவர் தலைக்குச் சரியாக இருந்தது. ஒருமுறை துவைத்துக் காய வைத்த பிறகு அது புருவத்தைத் தாண்டிக் கண் வரை இறங்கிவிட்டது. அளவு பார்ப்பதற்காக முதலில் பின்னும் சிறு மாதிரித் துண்டைத் துவைக்காமலே அளந்து, அந்த அளவை நம்பிக் கண்ணிகளை ஏற்றியிருந்ததே காரணம். நான் வாங்கியிருந்தது இயந்திரத்தில் துவைப்பதற்கென்று பதப்படுத்தப்பட்ட சூப்பர்வாஷ் கம்பளி நூல். கம்பளி இழையின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் அந்தப் பதப்படுத்தலில் மழுங்கிவிடுவதால், இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தன்மை குறைந்து, நனைந்ததும் துணி நெகிழ்ந்து விரிகிறது. இதைப் புரிந்துகொண்ட பின் அந்தக் குல்லாவை முழுவதும் பிரித்து, அதே நூலால் மீண்டும் பின்னினேன். இரண்டாம் முறை கையாண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிட், பர்ல் என்னும் இரண்டு அடிப்படைப் பின்னல்களும், ஊசியில் கண்ணி ஏற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அவற்றை எழுத்தில் படிப்பதைவிட ஒருவர் கையைப் பார்த்துக் கற்பது எளிது. நூலை வலக்கையில் பிடிப்பதா இடக்கையில் பிடிப்பதா என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு வழியிலும் கிடைப்பது ஒரே துணிதான்.

நூலும் ஊசியும்

நடுத்தரத் தடிமன் கொண்ட, 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் வரும் கம்பளி நூல் ஒரு கண்டு போதும். முதல் குல்லாவுக்கு வெளிர் நிறத்தையே தேர்ந்தெடுங்கள். கறுப்பு நூலிலும் மயிர்க்கற்றை போன்ற மோஹேர் நூலிலும் கண்ணிகளை எண்ணுவது பழகியவர்களுக்கே கடினம். குல்லா யாருக்கோ, அவர் வீட்டில் துணி எப்படித் துவைக்கப்படுகிறது என்பதையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பதப்படுத்தாத கம்பளி, சூட்டிலும் உரசலிலும் இறுகிச் சுருங்கிக் கெட்டியான தக்கைபோல் ஆகிவிடும். அதை மீட்க வழியில்லை. எல்லாத் துணியையும் ஒன்றாக இயந்திரத்தில் போடுபவருக்குச் சூப்பர்வாஷ் கம்பளியோ அக்ரிலிக் நூலோதான் பொருத்தம். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியை அருகே கொண்டுபோகவே கூடாது. சூடு பட்டால் இழை இளகித் துணி தன் துள்ளலை நிரந்தரமாக இழக்கும்.

ஊசியில் என் தேர்வு மூங்கில்தான். உலோக ஊசியில் வேகம் கிடைக்கும் என்பது உண்மை; ஆனால் கை பழகாதவருக்கு அதில் கண்ணிகள் வழுக்கி நழுவும், மூங்கில் அவற்றைச் சற்றே பிடித்து நிறுத்தும். 4.5 மில்லிமீட்டர் தடிமனில், 80 சென்டிமீட்டர் நீள வட்ட ஊசி (இரண்டு ஊசி முனைகளை வளையும் கம்பி ஒன்று இணைத்திருப்பது) ஒன்று வாங்குங்கள். குல்லாவுக்கு 40 சென்டிமீட்டர் ஊசியைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அதில் உடற்பகுதி எளிதாக ஓடும் என்றாலும், உச்சியில் கண்ணிகள் குறையக் குறைய அவை ஊசியைச் சுற்றி எட்டாமல் போய், இன்னொரு தொகுதி ஊசிகள் தேவைப்படும். நீண்ட வட்ட ஊசியில், நடுவே கம்பியை வளையமாக வெளியே இழுத்துக்கொண்டு பாதிப் பாதியாகப் பின்னினால், முதல் சுற்று முதல் கடைசிச் சுற்று வரை ஒரே ஊசி போதும்.

மாதிரித் துண்டு: அவசரப்படக் கூடாத இடம்

35 கண்ணிகள் ஏற்றி, 15 சென்டிமீட்டர் உயரம் வரை பின்னுங்கள். குல்லா வட்டமாகப் பின்னப்படுவதால் அதில் எல்லாச் சுற்றும் நிட் தான்; ஆனால் மாதிரித் துண்டை வழக்கம்போல் திருப்பித் திருப்பிப் பின்னினால் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று வரும். பெரும்பாலோர் கையில் பர்ல் சற்றுத் தளர்வாக விழும் என்பதால், அந்தத் துண்டின் அளவு குல்லாவின் அளவோடு ஒத்துப்போகாது. ஆகவே ஒரு வரிசை முடிந்ததும் துண்டைத் திருப்பாமல், எல்லாக் கண்ணிகளையும் ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்புறமாகத் தளர்வாகக் கொண்டுவந்து, மீண்டும் நிட் வரிசையே பின்னுங்கள். பின்புறத்தில் நீண்ட நூல்கள் தொங்கும், அது இருக்கட்டும்.

பின்னி முடித்ததும், குல்லாவை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துண்டைத் துவையுங்கள். கையால் துவைப்பது என்றால், வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, முறுக்காமல் ஒரு துவாலையில் வைத்துச் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, இழுக்காமல் தட்டையாகப் பரப்பி முழுவதும் உலர விடுங்கள். ஈரம் சிறிதளவு இருந்தாலும் அளவு பிழைக்கும். உலர்ந்த பின் ஓரங்களை விட்டு, நடுவில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள்.

அரைக் கண்ணியையும் கணக்கில் சேருங்கள். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்றால், இந்தக் குல்லாவுக்கு ஏற்றப்போகும் 104 கண்ணிகள் 52 சென்டிமீட்டர் சுற்றளவு தரும், 19.5 என்றால் அதே 104 கண்ணிகள் 53.3 சென்டிமீட்டர் ஆகும். 22 என்றால் 47.3 சென்டிமீட்டராகச் சுருங்கும். மார்புச் சுற்றுக்கு 200 கண்ணி போகும் ஒரு ஸ்வெட்டரில், 20க்கும் 22க்கும் உள்ள வேறுபாடு 9 சென்டிமீட்டர். உங்கள் துண்டில் கண்ணிகள், இந்தக் குல்லாவுக்கு வேண்டிய 20க்குக் குறைவாக வந்தால் மெல்லிய ஊசிக்கும், கூடுதலாக வந்தால் தடித்த ஊசிக்கும் மாறி, இன்னொரு துண்டு பின்னுங்கள். கையை வலிந்து இறுக்கியோ தளர்த்தியோ அளவைச் சரிசெய்ய முயல வேண்டாம்; அந்தக் கட்டுப்பாடு பத்துச் சுற்றுக்கு மேல் நிலைக்காது.

அந்தத் துண்டை எறிந்துவிடாமல், குல்லாவை அணியப் போகிறவரிடம் கொடுத்துக் கழுத்தோடு ஒட்டி அரை மணி நேரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். அரிப்பு இருக்குமானால் குல்லா பின்னுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கணக்கும் முதல் சுற்றும்

காதுக்கு மேலாக, நெற்றியைச் சுற்றித் தலையை அளந்துகொள்ளுங்கள். குல்லாவின் சுற்றளவு தலையைவிடச் சுமார் 4 முதல் 5 சென்டிமீட்டர் குறைவாக இருந்தால்தான் அது நழுவாமல் பற்றி நிற்கும். தலை 56 சென்டிமீட்டர் என்றால் குல்லா 51 முதல் 52 வரை இருக்கலாம். சென்டிமீட்டருக்கு 2 கண்ணி வீதம் 102 முதல் 104. உச்சியை எட்டுப் பங்காகப் பிரிக்கப் போவதால் எட்டால் வகுபடும் 104ஐ எடுத்துக்கொள்வோம்.

104 கண்ணிகளைத் தளர்வாக ஏற்றி, வட்டமாக இணைக்க வேண்டும். இணைக்கும்போது, ஏற்றிய ஓரம் ஊசியின் மேல் எங்கேனும் ஒருமுறை சுற்றிக்கொண்டிருந்தால் துணி முழுவதும் முறுக்கிக்கொள்ளும். சில சுற்றுகள் கடந்துவிட்டால் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதைத் தவிர்க்க நான் எப்போதும் செய்வது: இணைப்பதற்கு முன்பே இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ஒரு வரிசையைப் பின்னிவிட்டு, அதைத் திருப்பாமல் அப்படியே வட்டமாக இணைக்கிறேன். ஒரு வரிசை உயரம் வந்துவிட்டால் முறுக்கு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஓரத்தில் விழும் சிறு இடைவெளியை, தொங்கும் நூல் முனையால் கடைசியில் தைத்துக்கொள்ளலாம். சுற்றின் தொடக்கத்தில் ஓர் அடையாள வளையத்தை மாட்டிக்கொள்ளுங்கள்.

இதே இரண்டு நிட், இரண்டு பர்ல் முறையில் 5 சென்டிமீட்டர் வரை செல்லுங்கள். இந்த ரிப் பகுதிதான் தலையைப் பிடித்துக்கொள்வது. ஓரம் சுருண்டு மேலேறாமல் காப்பதும் இதுவே. பிறகு, தொடக்க ஓரத்திலிருந்து 15 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை நிட் மட்டும்.

உச்சி

ஒவ்வொரு 13 கண்ணிக்கும் ஒரு வளையம் மாட்டி எட்டுப் பங்காக்குங்கள். குறைக்கும் சுற்றில், ஒவ்வொரு பங்கின் கடைசி இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 கண்ணிகள் குறையும். முதல் ஆறு குறைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு சாதாரணச் சுற்று பின்னுங்கள். 56 கண்ணிகள் எஞ்சியதும், அடுத்த ஆறு சுற்றுகளிலும் இடைவிடாமல் குறையுங்கள். மீதம் 8 கண்ணிகள் நிற்கும். 20 சென்டிமீட்டர் விட்டு நூலை அறுத்து, தையல் ஊசியால் அந்த எட்டுக் கண்ணிகளுக்குள் இருமுறை கோத்து இறுக்கி, உட்புறத்தில் மறைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை

இந்தக் குறிப்பின்படி பின்னிய ஒருவர், தன் பழைய ஊசியில் 8 என்று பொறித்திருப்பதாகவும் குல்லா குழந்தைக்குப் போடுமளவு சிறிதாகிவிட்டதாகவும் எழுதியிருந்தார். பிரிட்டனின் பழைய எண் முறையில் 8 என்பது 4 மில்லிமீட்டர். அமெரிக்க முறையில் 8 என்பது 5 மில்லிமீட்டர். பிரிட்டன் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க முறையில் தடிக்கும். 7 என்ற ஒரே எண்ணில்தான் இரண்டும் 4.5 மில்லிமீட்டராகச் சந்திக்கின்றன. ஊசியின் மேலுள்ள எண்ணை நம்பாமல், துளைகள் கொண்ட அளவுப் பட்டையில் செருகிப் பார்த்து மில்லிமீட்டரை உறுதிசெய்யுங்கள்.

வேறொருவருக்கு இரண்டாம் கண்டில் நிறம் மாறித் தெரிந்திருக்கிறது. பெரிய தலைக்கோ மடித்துவிடும் ஓரத்துக்கோ இரண்டு கண்டு வாங்குவதானால், காகிதப் பட்டையில் அச்சிட்டிருக்கும் சாயத் தொகுதி எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், இரண்டு கண்டுகளிலிருந்தும் இரண்டிரண்டு சுற்றுகளாக மாற்றி மாற்றிப் பின்னினால் நிறத்தின் எல்லைக் கோடு தெரியாது.

துவைத்த குல்லாவை எதன் மேல் உலர்த்துவது என்றும் கேட்டிருந்தார்கள். ஒரு பலூனை, குல்லாவின் சுற்றளவைவிடச் சற்றும் பெரிதாகாதபடி ஊதி, ஒரு கிண்ணத்தின் வாயில் அமர்த்தி, அதன்மேல் குல்லாவைப் போட்டு வைக்கிறேன். ரிப் பகுதி மட்டும் பலூனுக்குக் கீழே தொங்கட்டும், இழுபட்டு உலர்ந்தால் அதன் பிடிப்பு போய்விடும்.